பிட்ஸ்பர்க் கோர்ட் கட்டடமும் அதுக்குக் கீழ இறங்கிப்போன தெருவும்

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் டவுன்டவுன்ல கிராண்ட் ஸ்ட்ரீட்ல இருக்கிற அலகேனி கவுண்டி கோர்ட்ஹவுஸ் வெளிய இருந்து பாக்க ஒரு கோட்டை மாதிரி அவ்ளோ கம்பீரமா இருக்கு, ஆனா வாசல்ல நுழைஞ்சா மேல்கூரை தாழ்வா, குகை மாதிரி குறுகலான வழி வருது, இவ்ளோ பெரிய ஆர்க்கிடெக்ட் கட்டினதுன்னு சொல்றாங்களே, உள்ள ஏன் இப்படி ஏமாத்திடுது, அப்புறம் பின்னாடி ரோட்டுக்கு மேல ஒரு கல்லு பாலம் போகுதே அது எதுக்கு. ரொம்ப நல்ல கேள்வி. நான் இந்த ஊர்ல ரொம்ப வருஷமா இருக்கேன், முதல் தடவை அந்தக் கட்டடத்துக்குள்ள போனது ஜூரி டூட்டிக்கு, அதாவது கேஸ் கேட்டு முடிவு சொல்ல சாதாரண ஜனங்களைக் கூப்பிடுவாங்களே அதுக்கு. அன்னைக்கு எனக்கும் இதே சந்தேகம்தான் வந்துச்சு. அதுல இருந்து இந்தக் கட்டடத்தைப் பத்திக் கிடைச்சதை எல்லாம் படிக்கிறது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு.

முதல்ல நேரடி பதில். நீங்க நுழைஞ்ச வாசல் அந்தக் கட்டடத்தோட வாசலே இல்ல. நீங்க போனது அதோட பேஸ்மென்டுக்குள்ள. இதை டிசைன் பண்ண ஆர்க்கிடெக்ட் ரிச்சர்ட்சன் போட்ட நிஜமான நுழைவு ஹாலும் பெரிய படிக்கட்டும் ஒரு மாடி மேல, உங்க தலைக்கு மேல இருந்துச்சு. கட்டடம் அங்கேயேதான் இருக்கு, தெருதான் சுமார் 15 அடி கீழ இறங்கிப்போச்சு. எப்படி இறங்குச்சுன்னு சொல்ல கொஞ்சம் பின்னாடி போகணும்.

கவுண்டின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. நம்ம ஊர் மாவட்டம் மாதிரி ஒரு அளவு, பென்சில்வேனியாவுல மொத்தம் 67 கவுண்டி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலைநகர், அங்க ஒரு கோர்ட்ஹவுஸ். நிலப் பத்திரம், உயில், கல்யாண லைசன்ஸ், கொலைக் கேஸ், எலெக்‌ஷன் கணக்கு எல்லாத்துக்கும் ஜனங்க கவுண்டியைத் தேடித்தான் வரணும். அதனால அந்தக் காலத்துல ஒரு கவுண்டி தன்னோட அந்தஸ்தைக் காட்டணும்னா கோர்ட்ஹவுஸைத்தான் பெருசா கட்டும். அலகேனி கவுண்டி உருவானது 1788 செப்டம்பர் 24. பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலுக்கு வந்துட்டுப் போற நம்ம ஆளுங்க எத்தனையோ பேர், அந்தக் கோயில் இருக்கிறதும் இதே கவுண்டிலதான், கோயில்ல இருந்து கார்ல கிளம்பினா இந்தக் கோர்ட் ஒண்ணும் பெரிய தூரம் இல்ல, ஆனா பெரும்பாலும் யாரும் வந்து பாக்கிறதில்ல, அது எனக்கு ஒரு வருத்தம்.

இப்ப இருக்கிறது மூணாவது கோர்ட்ஹவுஸ். முதல்ல இருந்தது மார்க்கெட் ஸ்கொயர்ல, 1790கள்ல கட்டின சின்னக் கட்டடம். ஊர் பெருசாக ஆரம்பிச்சதும் கிராண்ட்ஸ் ஹில்னு சொல்ற மேட்டுல, ஜேம்ஸ் ராஸ்ங்கிறவர்கிட்ட நிலம் வாங்கி ரெண்டாவதைக் கட்டினாங்க. பின்பக்கத் தெருவுக்கு ராஸ் ஸ்ட்ரீட்னு பேர் வந்தது இவராலதான். மேட்டுக்குப் பேர் குடுத்த மேஜர் ஜேம்ஸ் கிராண்ட் ஒரு பிரிட்டிஷ் படை அதிகாரி, 1758ல இந்த இடத்துலதான் பிரெஞ்சுக்காரங்ககிட்டயும் அவங்களோட இருந்த பூர்வகுடிப் படைகிட்டயும் மோசமாத் தோத்தார், தோத்தவர் பேர்தான் மேட்டுக்கும் தெருவுக்கும் நிலைச்சிடுச்சு.

அந்த ரெண்டாவது கோர்ட்ஹவுஸ் 1836ல ஆரம்பிச்சுக் கட்டினது, ஜான் சிஸ்லெட்ங்கிற ஆர்க்கிடெக்ட், கிரேக்கக் கோயில் பாணில தூண் வச்சு, மேல ஒரு டோம் வச்சு. கல்லு பக்கத்துலயே வெட்டி எடுத்த சாம்பல் நிற மணற்கல், நல்லா இழைச்சுப் பளபளன்னு பண்ணது. பிட்ஸ்பர்க்ல அப்போ எல்லாமே நிலக்கரி, அடுப்புல இருந்து ஃபேக்டரி வரைக்கும், அந்தப் புகையில இருக்கிற கந்தகம் மழைத் தண்ணில கலந்து மணற்கல்லைத் தின்ன ஆரம்பிச்சிடுச்சு. இழைச்ச முகம் பொக்கு பொக்கா உதிர்ந்துச்சு, சுவர் உச்சியில துருத்திட்டு இருந்த கார்னிஸ் விளிம்பு துண்டு துண்டா விழுந்துச்சு, கோயில் மாதிரி கூர்மையாக் கட்டின விளிம்பெல்லாம் மழுங்கிப்போச்சு. அந்த நிலைமையிலயும் அதைத்தான் பயன்படுத்திட்டு இருந்தாங்க, 1882 மே 7ல தீப்பிடிச்சு எரிஞ்சு முடியுற வரைக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா அடுத்து வந்தவர் போட்ட கட்டடத்துல பாதி விஷயம் இந்தப் புகைக்குச் சொன்ன பதில்தான்.

தீக்கு அப்புறம் கவுண்டி அஞ்சு ஆர்க்கிடெக்ட்களைக் கூப்பிட்டு ஒரு போட்டி வச்சாங்க, ஹென்றி ஹாப்ஸன் ரிச்சர்ட்சன் ஜெயிச்சார். 1838ல லூசியானாவுல பிறந்தவர், ஹார்வர்டுல படிச்சு, அப்புறம் பாரிஸ்ல எக்கோல் தே போஸார்ல ஆர்க்கிடெக்சர் கத்துக்கிட்டவர், பாஸ்டன்ல டிரினிட்டி சர்ச் கட்டி 1877லயே நாடு முழுக்கப் பேர் வாங்கினவர். இவர் ஜோசப் பிரீஸ்ட்லியோட கொள்ளுப் பேரன். ஆமா, ஸ்கூல் கெமிஸ்ட்ரில ஆக்ஸிஜனைக் கண்டுபிடிச்சவர்னு படிச்சோமே அதே பிரீஸ்ட்லி, அவர் கடைசில இங்கிலாந்தை விட்டுட்டு வந்து குடியேறினது இந்தப் பென்சில்வேனியாவுலதான். இதை ஏன் சொல்றேன்னா, கொள்ளுத் தாத்தா காத்துல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சார், கொள்ளுப் பேரன் புகை ஊர்ல ஒரு கட்டடத்துக்கு எப்படி நல்ல காத்து குடுக்கிறதுன்னு யோசிச்சார், எனக்கு அது ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வரும்.

அந்தக் காத்து விஷயத்தைச் சொல்லிடறேன், ஏன்னா இதுதான் எனக்கு அந்தக் கட்டடத்துல ரொம்பப் பிடிச்சது. கிராண்ட் ஸ்ட்ரீட் பக்கம் நடுவுல ஒரு உயரமான டவர் இருக்கே, எல்லாரும் போட்டோ எடுக்கிறது, பெரும்பாலானவங்க அதை அழகுக்கு வச்சதுன்னு நினைக்கிறாங்க, சர்ச்சுக்கு வைக்கிற மாதிரி. அது ஒரு மூக்கு. தெரு மட்டத்துல புகை அடர்த்தியா இருக்கும், உயரம் போகப் போகக் கொஞ்சம் குறையும், அதனால டவர் உச்சியில இருந்து காத்தை உள்ள இழுத்து, டவர் வழியாவே கீழ கொண்டுவந்து, ஃபேன் வச்சு சுவருக்குள்ள விட்டிருக்கிற குழாய் வழியா கோர்ட் ரூம் எல்லாத்துக்கும் தள்ளினாங்க, அறைக்குள்ள கெட்டுப்போன காத்து பின்பக்கம் இருக்கிற ரெண்டு சின்ன டவர் வழியா வெளிய போச்சு. 1880கள்ல! ஜன்னலைத் திறந்தா கரித்தூள் வந்து பேப்பர்ல படியுற ஊர்ல, ஜட்ஜும் ஜூரியும் ஜன்னலைச் சாத்திட்டு மூச்சு முட்டாம உக்காந்து கேஸ் கேக்கிறதுக்கு இதை விட்டா வேற வழி கிடையாது. கோட்டை மாதிரி இருக்குன்னு நீங்க சொன்னீங்க, பாக்க அப்படித்தான் இருக்கு, ஆனா அந்த டவர் சண்டைக்கு வச்சது இல்ல, மூச்சு விட வச்சது.

வெளிச்சத்துக்கும் அதே மாதிரி ஒரு நேரான யோசனை. கட்டடத்தை ஒரே கனமான பெட்டியாக் கட்டாம நடுவுல பெரிய முற்றம் விட்டுட்டார், நம்ம பழைய வீட்டுல முற்றத்தைச் சுத்தி அறை வர்ற மாதிரியேதான். அப்போ ஒவ்வொரு பக்கத்துக் கட்டடமும் மெலிசா வரும், தெருப் பக்கம் இருந்தும் முற்றத்துப் பக்கம் இருந்தும் வெளிச்சம் கிடைக்கும். கரன்ட் லைட்டு அப்பதான் வர ஆரம்பிச்ச காலம், கோர்ட் கேஸ் எல்லாம் பகல் வெளிச்சத்துலதான் நடக்கணும். முற்றத்துல நின்னு பாத்தா மாடிக்கு மாடி ஆர்ச் வரிசை, கீழ அகலமா, மேல போகப் போகக் குறுகலா எண்ணிக்கை கூடிட்டே போகும், அலங்காரம்னு தனியா ஒண்ணும் பெருசாக் கிடையாது, ஆர்ச்சோட தாளமும் கல்லும் மட்டும்தான். தெருப் பக்கத்தைவிட முற்றத்துப் பக்கம்தான் இந்தக் கட்டடத்தோட உச்சம்னு சொல்றவங்க நிறைய, நானும் அந்தக் கட்சிதான். இந்த முற்றம் ரொம்ப காலம் வெறும் கார் பார்க்கிங்கா கிடந்துச்சு, 1970கள்லதான் செடி, பெஞ்ச், நீரூற்று எல்லாம் வச்சு உக்கார்ற இடமா மாத்தினாங்க. ஜூரி டூட்டி அன்னைக்கு மதிய பிரேக்ல நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தது அங்கதான், பக்கத்து பெஞ்ச்ல ஒரு வக்கீல் அம்மா செருப்பைக் கழட்டி வச்சுட்டு ஃபைல் படிச்சுட்டு இருந்தாங்க, வெளிய பஸ் சத்தம் ஓயாம இருக்கிற நேரம், உள்ள தண்ணி விழற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

கல்லு விஷயம். முந்தின கட்டடத்தை மணற்கல் கைவிட்டதால இவர் கிரானைட்டுக்குப் போனார், மாசசூசெட்ஸ்ல மில்ஃபோர்ட்னு ஒரு ஊர்ல கிடைக்கிற இளஞ்சிவப்பு கிரானைட். கட்டினது நார்கிராஸ் பிரதர்ஸ், ரிச்சர்ட்சனோட ஆஸ்தான கான்ட்ராக்டர், டிரினிட்டி சர்ச் கட்டினதும் அவங்கதான். கல்லோட முகத்தை இழைக்கல, குவாரில உடைச்ச மாதிரியே புடைப்பும் பள்ளமுமா விட்டுட்டாங்க, ஓரத்தை மட்டும் நேராக்கி அடுக்கினாங்க. இழைச்ச முகம் உதிர்ந்தா அசிங்கமாத் தெரியும், கரடுமுரடா இருக்கிறதுல புகை படிஞ்சா என்ன, கொஞ்சம் கறுத்தா என்ன. கிட்டப் போய் சுவர்ல கை வச்சுப் பாருங்க, தூரத்துல இருந்து ஒரே சாம்பல் நிறமாத் தெரியற கல்லுல ரோஸ் கலர் மணி, வெள்ளையும் சாம்பலுமா கண்ணாடி மாதிரி மணி, நடுவுல மிளகைப் பொடிச்சுத் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி, எல்லாம் தனித்தனியாத் தெரியும். மழை பெஞ்ச அன்னைக்குப் போனா இன்னும் நல்லாத் தெரியும், நனைஞ்சதும் ரோஸ் எழும்பி வரும்.

இந்த பாணிக்கு ரோமனெஸ்க்னு பேர், ஐரோப்பாவுல 11, 12ஆம் நூற்றாண்டு சர்ச்கள்ல வர்ற பாணி, தடிச்ச சுவர், அரைவட்ட ஆர்ச், குட்டையான தூண். ரிச்சர்ட்சன் தெற்கு பிரான்ஸ், ஸ்பெயின் பக்கத்துக் கட்டடங்கள்ல இருந்து அதை எடுத்து, அமெரிக்க ஊருக்கும் அமெரிக்க வேலைக்கும் ஏத்த மாதிரி ஆக்கினதால ரிச்சர்ட்சோனியன் ரோமனெஸ்க்னு அவர் பேர்லயே ஒரு பாணி கிளம்பிடுச்சு. இந்தக் கோர்ட்ஹவுஸ் முடிஞ்ச உடனே ஆளாளுக்கு இதைப் பாத்துக் கட்ட ஆரம்பிச்சாங்க, மினியாபோலிஸ் சிட்டி ஹால், டொரண்டோவுல பழைய சிட்டி ஹால் ரெண்டுலயும் இதோட சாயல் அப்படியே இருக்கு, நடுவுல டவர், ஓரத்துல சரிஞ்ச கூரை, பெரிய பெரிய ஆர்ச். டொரண்டோவுல இருக்கிற நம்மாளுங்க ஒரு தடவை அந்த சிட்டி ஹாலைப் பாத்துட்டு இங்க வந்து இதைப் பாருங்க, அண்ணன் தம்பின்னு பாத்ததும் சொல்லிடலாம். நல்ல காப்பியும் உண்டு மோசமான காப்பியும் உண்டு, மோசமான காப்பில ஆர்ச் இருக்கும் கரடுமுரடுக் கல்லும் இருக்கும், ஆனா சுவருக்குப் பின்னாடி யோசனை இருக்காது.

இதுல மனசு கனத்துப்போற விஷயம், ரிச்சர்ட்சன் இதை முடிஞ்ச நிலையில பாக்கவே இல்ல. அவருக்கு ரொம்ப நாளா கிட்னி வியாதி, அப்போ பிரைட்ஸ் டிசீஸ்னு சொல்லுவாங்க, 1886 ஏப்ரல் 27ல 47 வயசுலயே போய்ட்டார். பின்னாடி இருக்கிற ஜெயில் அதே வருஷம் முடிஞ்சது, கோர்ட்ஹவுஸ் இன்னும் ரெண்டு வருஷம் இழுத்துச்சு. தன்னை எடைபோடணும்னா பிட்ஸ்பர்க் கோர்ட்ஹவுஸையும் சிகாகோவுல கட்டிட்டு இருந்த மார்ஷல் ஃபீல்ட் கடையோட மொத்த வியாபாரக் கட்டடத்தையும் வச்சுத்தான் எடைபோடணும்னு கடைசிக் காலத்துல அவர் நினைச்சதா அவர் வாழ்க்கையை எழுதினவங்க பதிவு பண்ணிருக்காங்க. சிகாகோ கட்டடத்தை 1930ல இடிச்சுட்டாங்க. மிச்சம் இருக்கிறது இதுதான். அவர் ஆபீஸ்ல இருந்த ஷெப்லி, ருட்டன், கூலிட்ஜ் மூணு பேரும் சேர்ந்து அவர் வரைஞ்சு வச்சபடியே முடிச்சாங்க, 1888 செப்டம்பர் 24, அதாவது கவுண்டி உருவாகி சரியா 100 வருஷம் ஆன அன்னைக்குத் திறந்தாங்க. செலவு 20 லட்சம் டாலருக்கு மேல, அந்தக் காலத்து 20 லட்சம்.

இப்ப உங்க வாசல் கதைக்கு வர்றேன். கிராண்ட்ஸ் ஹில்னு சொன்னேனே, அந்த மேடு டவுன்டவுனுக்குள்ள ஒரு திமில் மாதிரி நின்னுச்சு, ஊர்க்காரங்க அதை ஹம்ப்னுதான் சொன்னாங்க. குதிரை வண்டி ஏற முடியாது, குளிர்காலத்துல பனி உறைஞ்சா ஆளே ஏற முடியாது, வியாபாரம் அந்தப் பக்கம் பரவாம முட்டிக்கிட்டு நின்னுச்சு. 19ஆம் நூற்றாண்டுலயே ரெண்டு தடவை கொஞ்சம் கொஞ்சம் வெட்டிக் குறைச்சிருந்தாங்க. அதனால ரிச்சர்ட்சனுக்கு நல்லாத் தெரியும், என்னைக்காவது திரும்ப வெட்டுவாங்கன்னு. அவர் என்ன பண்ணார் பாருங்க, மண்ணுக்குள்ள மறையப் போற அஸ்திவாரச் சுவரோட மேல் வரிசையையும் வெளிச்சுவர் மாதிரியே ஒழுங்கா முடிச்ச கல்லுல கட்டி வச்சார், நாளைக்கு மண்ணு இறங்கினாலும் அசிங்கமாத் தெரியக்கூடாதுன்னு. கண்ணுக்கே தெரியாத இடத்துல அந்த வேலை. இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

ஆனா 1912, 13ல நிஜமாவே வெட்டினப்போ அவர் கணக்குப் போட்டதைவிட ஆழமா வெட்டிட்டாங்க. தெரு சுமார் 15 அடி கீழ போச்சு, வாசல் ஒரு முழு மாடி உயரத்துல அந்தரத்துல நின்னுச்சு. முதல்ல வெளிய ஒரு பெரிய படிக்கட்டு கட்டி சமாளிச்சாங்க, ஏறிப் போய் பழைய வாசல்லயே நுழையலாம். கார் பெருகி தெருவை அகலப்படுத்தினப்போ அந்தப் படிக்கட்டு ரோட்டுக்கு இடைஞ்சல்னு எடுத்துட்டாங்க. மிச்சம் இருந்த ஒரே வழி, ஆர்ச் வாசலைக் கீழ இழுத்து தெரு மட்டத்துல கதவு வைக்கிறது. அதுதான் நீங்க நுழைஞ்ச கதவு. அந்த ஆர்ச்சை இப்ப எதிர்ல நின்னு பாத்தா கொஞ்சம் நெட்டையா, கால் மட்டும் நீண்டுபோன மாதிரி தெரியும், அதுக்குக் காரணமும் இதுதான். பேஸ்மென்டா இருந்த இடத்துல உயரமான ஹால் எங்க இருந்து வரும், அதனாலதான் உங்களுக்கு அந்தக் குகை மாதிரி வழி. ஏமாத்தினது ரிச்சர்ட்சன் இல்லைங்க, தெரு போட்டவங்க.

இதே கதி எதிர்ப் பக்கத்துல இருக்கிற ஃபிரிக் பில்டிங்குக்கும் வந்துச்சு, அது 1902ல முடிஞ்ச கட்டடம், ஹென்றி கிளே ஃபிரிக்குங்கிற கோடீஸ்வரர் கட்டினது, அங்கயும் பேஸ்மென்ட்தான் இப்ப வாசல், உள்ள போனதும் படியேறித்தான் பழைய லாபிக்குப் போகணும். பக்கத்துல 1917ல முடிச்ச சிட்டி கவுண்டி பில்டிங் மட்டும் தெரு இறங்கினதுக்கு அப்புறம் கட்டினது, அதனால அதுக்கு இந்தச் சிக்கல் இல்ல, ஹென்றி ஹார்ன்பாஸ்டல் அதோட முகப்புல மூணு பெரிய ஆர்ச் வச்சது பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மரியாதை பண்ண மாதிரிதான் எனக்குத் தெரியும்.

அடுத்து அந்தப் பாலம். ராஸ் ஸ்ட்ரீட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது பழைய கவுண்டி ஜெயில், அதுவும் ரிச்சர்ட்சன் கட்டினதுதான், ரெண்டையும் சேத்து ஒரே திட்டமாப் போட்டார். கைதியை விசாரணைக்குக் கூட்டிட்டு வரணும், தெருவுல சங்கிலியோட நடத்திக் கூட்டிட்டு வந்தா வேடிக்கை பாக்கக் கூட்டம் கூடும், ஆத்திரத்துல இருக்கிற ஜனங்க கைவைப்பாங்க, ஓடிப்போகவும் வாய்ப்பு. அதனால தெருவுக்கு மேல மூடின கல்பாலம், ஜெயில்ல இருந்து நேரா கோர்ட். வெனிஸ்ல அந்தக் காலத்து ஆட்சித் தலைவரோட மாளிகையையும் ஜெயிலையும் சேக்கிற பெருமூச்சுப் பாலம்னு ஒண்ணு இருக்கு, அதை மனசுல வச்சுக் கட்டினதால இதுக்கும் அதே பேர். வெனிஸ் பாலம் வெள்ளைக் கல்லுல நுணுக்கமான வேலைப்பாட்டோட, தண்ணி மேல இருக்கிறது. இது அதே கரடுமுரடுக் கிரானைட்ல, கீழ கார் போற தெரு மேல, ஒரே தாவலாத் தாண்டுற ஆர்ச். 1995ல ஜெயில் வேற இடத்துக்குப் போற வரைக்கும், 100 வருஷத்துக்கு மேல கைதிங்க இதுக்குள்ளதான் நடந்தாங்க.

ஜெயில் சுவரைத் தயவுசெஞ்சு நின்னு பாருங்க. கட்டடக்கலை தெரிஞ்சவங்க கோர்ட்ஹவுஸைவிட இந்தச் சுவரைத்தான் அதிகம் கொண்டாடுவாங்க, ஏன்னா இதுல அலங்காரத்துக்குன்னு ஒரு உளி வெட்டுகூட இல்ல. பெரிய பெரிய கல்லை அடுக்கி ஒரு சுவர், அதுல ஒரு ஆர்ச் வாசல், ஆர்ச்சைச் சுத்தி விசிறி மாதிரி நிக்கிற நீளமான கல்லுங்க, அவ்ளோதான். உள்ள சிலுவை மாதிரி அமைப்பு, நடுவுல எண்கோணக் கூடம், அதுல இருந்து செல் வரிசைங்க பிரிஞ்சு போகும், நடுவுல நிக்கிற காவலாளி கழுத்தைத் திருப்பினா எல்லாப் பக்கமும் தெரியும். 1900கள் தொடக்கத்துல இடம் பத்தாம ஃபிரெடரிக் ஆஸ்டர்லிங் அதைப் பெருசாக்கினார், பழைய வேலையோட நல்லாவே ஒட்ட வச்சிருக்கார்.

இந்த ஜெயிலோட பேர் நாடு முழுக்க அடிபட்டது 1902 ஜனவரில. பிடில் சகோதரர்கள், ஜாக், எட்னு ரெண்டு பேர், ஒரு மளிகைக் கடைக்காரரைக் கொன்னதுக்காகத் தூக்குக்குக் காத்துட்டு இருந்தாங்க. ஜெயில் வார்டனோட மனைவி கேட் சாஃபல் கைதிங்களுக்கு பைபிள் படிச்சுக் காட்டப் போனவங்க, எட் மேல மனசு போய், ரம்பமும் துப்பாக்கியும் உள்ள கொண்டுபோய்க் குடுத்துட்டாங்க. ஜனவரி 30 விடியக்காலைல மூணு பேரும் தப்பிச்சு, பனில ஸ்லெட்ஜ் வண்டி திருடிட்டு வடக்க ஓடினாங்க, மறுநாளே பட்லர் கவுண்டில சுட்டுப் பிடிச்சாங்க, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் காயத்துல செத்துட்டாங்க, கேட் பொழைச்சு ஜெயிலுக்குப் போனாங்க. கல்லு எவ்ளோ தடிப்பா இருந்தா என்ன, வீட்டுக்குள்ள இருந்தே கதவு திறந்துடுச்சு. வார்டன் குடும்பம் குடியிருந்ததும் ஜெயில் கட்டடத்துக்குள்ளயேதான்.

ஜெயில் காலியான உடனே என்ன பண்றதுன்னு பெரிய கவலை. நடு ஊர்ல, ஜன்னல் இல்லாத சுவரோட, செல் செல்லா இருக்கிற கட்டடத்தை யார் வாங்குவாங்க, எதுக்குப் பயன்படும். கடைசில கவுண்டியே அதைக் குடும்ப நீதிமன்றமா மாத்துச்சு, 2000 வாக்குல வேலை முடிஞ்சது. செல் அடுக்கையெல்லாம் எடுத்துட்டு அந்த உயரத்துக்குள்ள புதுசா மாடி போட்டு கோர்ட் ரூம், ஆபீஸ் வச்சாங்க, நடுக்கூடத்தைத் திறப்பா விட்டாங்க, ஒரு சின்னப் பகுதி செல்லை மட்டும் மியூசியமா வச்சிருக்காங்க. எனக்கு இதுல ரெண்டு மனசு. வெளிச்சுவர் பொழைச்சதுக்கு இதை விட்டா வழி இல்லைன்னு நல்லாத் தெரியுது, வேலையும் கண்ணியமா பண்ணிருக்காங்க. ஆனா விவாகரத்துக்கும் குழந்தை யார்கிட்ட இருக்கணும்ங்கிற கேஸுக்கும் வர்றவங்க அந்த ஜெயில் ஆர்ச்சுக்குக் கீழ நுழையறப்போ என்ன நினைப்பாங்கன்னு யோசிக்காம இருக்க முடியல. ஒரு குட்டிப் பையன் அம்மா கையைப் பிடிச்சுட்டு அந்தச் சுவரை அண்ணாந்து பாத்துட்டே போனதை நான் பாத்திருக்கேன்.

1976ல இந்த ரெண்டு கட்டடத்தையும் நேஷனல் ஹிஸ்டாரிக் லேண்ட்மார்க்னு அறிவிச்சாங்க, அமெரிக்காவுல கட்டடத்துக்குக் கிடைக்கிற உச்ச அந்தஸ்து அதுதான். உள்ள இருக்கிற கோர்ட் ரூம்கள்ல ஒண்ணை, 321ஆம் நம்பரை, பழைய மரவேலை, நிறம் எல்லாத்தோடயும் பழையபடி மீட்டு எடுத்தாங்க. மத்ததுல நிறைய இடத்துல நடுவுல பொய்க்கூரை போட்டு, தடுப்பு வச்சு, பழைய உயரத்தை முழுங்கிட்டாங்க. 321க்குள்ள போனாத்தான் ஒரு கோர்ட் ரூம் எப்படி இருக்கணும்னு ரிச்சர்ட்சன் நினைச்சார்னு புரியும்.

அடுத்த தடவை வந்தா இப்படிப் பாருங்க. வேலை நாள்ல வாங்க, செக்யூரிட்டி செக் இருக்கும், பையைக் காட்டிட்டு உள்ள போங்க. அந்தத் தாழ்வான வழியில நிக்காதீங்க, நேரா ஒரு மாடி ஏறிடுங்க. அங்கதான் கட்டடமே ஆரம்பிக்குது. பெரிய படிக்கட்டு அங்க இருந்து கிளம்பும், ஆர்ச்சுக்கு மேல ஆர்ச்சா ஒண்ணைத் தாங்கி ஒண்ணு எழும்பிப் போகும், படி திரும்பற இடத்துல நின்னு கீழயும் மேலயும் பாத்தீங்கன்னா வரைஞ்ச படத்துல வர்ற மாதிரி ஆர்ச்சுக்குள்ள ஆர்ச் தெரியும். நடுப்படி தேஞ்சு லேசா குழி விழுந்த மாதிரி இருக்கும், காலை வச்சா உணர முடியும். அதுக்கப்புறம் முற்றம், அப்புறம் பின்பக்கம் சுத்திப் போய் ராஸ் ஸ்ட்ரீட்ல பாலத்துக்குக் கீழ நின்னு ரெண்டு பக்கமும் பாருங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி திரும்ப முதல் மாடிக்கு வந்து, கிராண்ட் ஸ்ட்ரீட் பக்கத்து ஆர்ச்சோட ஜன்னல்கிட்ட நில்லுங்க. 1888ல அதுதான் வாசல், வெளிய காலை வச்சா தெரு. இப்ப அங்க நின்னு குனிஞ்சு பாத்தா, நடைபாதையில போறவங்களோட தலை உங்க காலுக்குக் கீழ தெரியும்.